பழைய ரசிகர் குழுவில் பரிசு மோசடி: அறிகுறி பார்த்து அடைப்பது எப்படி

பழைய பாட்டு ரசிகர்களின் குழு ஒன்று பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டால் அதில் மூன்று சங்கதிகள் தானாகச் சேர்ந்துவிடும். எப்போதோ ஊரெல்லாம் பரவிய அழைப்பு லிங்க், மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காத அட்மின்கள், பெயரைப் பார்த்ததும் நம்பிவிடும் உறுப்பினர்கள். மோசடிக்காரனுக்கு முதல் இரண்டும் வாசல், மூன்றாவதுதான் சரக்கு.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குழுவில் தெரியும் 'வாழ்த்துகள், உங்களுக்குப் பரிசு' பதிவு வெறும் தூண்டில். பணம் கைமாறுவது இன்பாக்ஸில். குழுச் சுவர் பளிச்சென்று இருக்கும்போதே நாலு பேர் தனிச் செய்தியில் ஏமாந்துகொண்டிருக்கலாம். அதனால் 'இன்று எத்தனை பதிவை அழித்தோம்' என்ற கணக்கு உதவாது. 'எத்தனை பேருக்குத் தனிச் செய்தி வந்தது' என்று உறுப்பினர்களிடம் கேட்பதுதான் சரியான அளவு.

இங்கே வாட்ஸ்அப், டெலிகிராம், ஃபேஸ்புக் மூன்றையும் பார்க்கிறோம். உங்கள் அறிகுறி எதுவோ அங்கே போய்க்கொள்ளலாம். அடுத்து வரும் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

எதற்கும் முன்னால்: பூட்டு, படம் எடு, அப்புறம் அழி

பதற்றத்தில் பெரும்பாலான அட்மின்கள் முதலில் அழிக்கிறார்கள். அழித்தால் எண் போய்விடும், லிங்க் போய்விடும், நாளைக்குப் புகார் கொடுக்கக் கையில் ஒன்றும் இராது.

முதலில் பூட்டுங்கள். வாட்ஸ்அப்பில் குழு அமைப்புகளுக்குப் போய் செய்தி அனுப்பும் உரிமையை அட்மின்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். டெலிகிராமில் குழுவின் அனுமதிகள் பக்கத்தில் செய்தி அனுப்புவதை அணைத்துவிடுங்கள். ஃபேஸ்புக்கில் எல்லாப் பதிவுக்கும் அட்மின் ஒப்புதல் என்று வையுங்கள், நிலைமை மோசமாக இருந்தால் குழுவையே தற்காலிகமாக நிறுத்திவைக்கலாம்.

பிறகு ஸ்க்ரீன்ஷாட். செய்தி மட்டும் போதாது. அனுப்பியவரின் சுயவிவரப் பக்கம், நாட்டுக் குறியோடு முழு எண், நேரம், லிங்கின் முழு முகவரி (தொடாமல், நீளமாக அழுத்திப் பிடித்து நகலெடுத்து), பணம் கேட்ட யுபிஐ முகவரி எல்லாம் வேண்டும். டெலிகிராமில் அட்மின்களுக்கு மட்டும் தெரியும் 'சமீபத்திய செயல்கள்' பட்டியல் 48 மணி நேரத்துக்குத்தான் நிற்கும், அதைத் தாண்டினால் யார் யாரைச் சேர்த்தார்கள் என்ற தடயமே இருக்காது. வாட்ஸ்அப்பிலும் கெடு உண்டு. எல்லோருக்குமாக அழிக்கும் வசதி சுமார் இரண்டரை நாள் வரைதான். வெள்ளிக்கிழமை ராத்திரி வந்ததைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது அப்படியே நின்றுவிடும்.

இதற்குப் பிறகு அழிக்கலாம். டெலிகிராமில் ஒருவரைத் தடை செய்யும்போது அவர் போட்ட எல்லாவற்றையும் அழிக்கும் தேர்வையும், ஸ்பேம் என்று புகாரளிக்கும் தேர்வையும் சேர்த்தே டிக் செய்யுங்கள். ஃபேஸ்புக்கிலும் நீக்கும்போதே அவருடைய சமீபத்திய பதிவு, கமெண்ட் எல்லாவற்றையும் சேர்த்து நீக்கலாம். ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு உட்கார்ந்தால் விடிந்துவிடும்.

அறிகுறி: ராத்திரி இரண்டு மணிக்கு இருபது புதுப் பெயர், விடிந்தால் லிங்க் மழை

காரணம் பெரும்பாலும் பழைய அழைப்பு லிங்க். யாரோ ஒருவர் நல்லெண்ணத்தில் யூட்யூப் கமெண்டிலோ ஒரு நிகழ்ச்சி நோட்டீஸிலோ போட்டது, இன்றைக்கு லிங்க் பொறுக்கும் ரோபோக்கள் கையில் இருக்கும்.

வாட்ஸ்அப்பில் லிங்கை ரீசெட் செய்தால் பழையது செத்துவிடும். கூடவே புது உறுப்பினருக்கு அட்மின் ஒப்புதல் வேண்டும் என்பதை இயக்குங்கள், ஆள் சேர்க்கும் உரிமையையும் அட்மின்களுக்கு மட்டும் கொடுங்கள்.

டெலிகிராமில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. குழுவின் முதன்மை லிங்கை ரத்து செய்துவிட்டு 'ஆச்சு' என்று போய்விடுவார்கள். ஆனால் அங்கே ஒவ்வொரு அட்மினுக்கும் தனித்தனி லிங்க் இருக்கிறது. உரிமையாளர் அழைப்பு லிங்குகள் பக்கத்தில் கீழே வரை இறங்கி, மற்ற அட்மின்கள் உருவாக்கியவற்றையும் ஒவ்வொன்றாக ரத்து செய்ய வேண்டும். புது லிங்குக்கு காலக்கெடுவும் ஆள் எண்ணிக்கை வரம்பும் வையுங்கள், ஒப்புதல் தேர்வையும் போடுங்கள். குழு பொதுப் பெயரோடு இருந்தால் லிங்கை மாற்றிப் பயனில்லை. அந்தப் பெயரைத் தேடியே வருவார்கள். அதற்கு நுழைவில் பொத்தான் அழுத்தச் சொல்லும் காவல் பாட் (தானாக இயங்கும் நிரல்) ஒன்று வேண்டும் (ரோஸ், காம்பாட் இரண்டும் பரவலாகப் புழங்குபவை). உறுப்பினர் 200 பேருக்கு மேல் இருந்தால் டெலிகிராமின் கடுமையான ஸ்பேம் தடுப்பையும் இயக்கலாம்.

ஃபேஸ்புக்கில் சேர்வோரிடம் மூன்று கேள்வி கேட்கலாம். 'இந்தப் பாட்டுக்கு இசை யார்' என்று வினாடிவினா வைக்காதீர்கள். செயற்கை நுண்ணறிவு அதற்கு நம்மைவிட வேகமாகப் பதில் சொல்லும், ஆசையாய் வரும் எழுபது வயதுக்காரர்தான் தடுமாறுவார். 'எந்த ஊர், யார் சொல்லி வந்தீர்கள்' என்று கேளுங்கள். பதில் ஒற்றைச் சொல்லாகவோ காலியாகவோ இருந்தால் காத்திருப்பில் போடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. வெளிநாட்டு எண்களை எல்லாம் ஒரேயடியாகத் தூக்கிவிடாதீர்கள். தமிழ்ப் பாட்டுக் குழுவில் +94, +60, +65 இல்லாமல் எப்படி? இலங்கையும் மலேசியாவும் சிங்கப்பூரும்தான் பல குழுக்களின் உயிர். 'கோன் பனேகா க்ரோர்பதி' என்ற இந்தி வினாடிவினா நிகழ்ச்சியின் பெயரில் 25 லட்ச ரூபாய் 'சிம் கார்டு லாட்டரி' என்று வந்த வாட்ஸ்அப் செய்திகள் பல +92 (பாகிஸ்தான்) எண்களிலிருந்து வந்தது உண்மைதான். அதற்காக +91 என்றால் பத்திரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அறிகுறி: ஆளைத் தடை செய்தும் அதே பெயரில் பதிவு வருகிறது (டெலிகிராம்)

அது ஆள் அல்ல, சேனல். டெலிகிராமின் பொதுக் குழுக்களில் ஒருவர் தன் சேனல் பெயரில் பேச முடியும். தடை சேனலின் மேல் விழ வேண்டும். காவல் பாட் அமைப்புகளில் சேனல் பெயரில் பேசுவதைத் தடுக்கும் தேர்வு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு, உங்கள் குழுவோடு இணைந்த சொந்த சேனலுக்கு விலக்கு கொடுத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: குழு சுத்தமாக இருக்கிறது, ஆனால் 'அட்மின்' பரிசு தருவதாகத் தனிச் செய்தி

இதுதான் அதிகம் பேர் காசு இழக்கும் வகை, ஆனால் அட்மின்கள் கடைசியாகக் கவனிப்பதும் இதுதான். குழுவில் ஒரு அசைவும் இராது. ஒருவன் சத்தமில்லாமல் உறுப்பினராகச் சேர்ந்து, பட்டியலை இறக்கிக்கொண்டு, உங்கள் படத்தையும் பெயரையும் ஒட்டிக்கொண்டு ஒவ்வொருவராகத் தட்டுவான்.

செய்தி பொதுவாக இப்படி இருக்கும்:

'வணக்கம் ஐயா. நம் குழுவின் ஆண்டு விழாக் குலுக்கலில் தங்கள் பெயர் முதல் பரிசுக்குத் தேர்வாகியுள்ளது. விழா அன்று அறிவிக்கும் வரை குழுவில் யாரிடமும் சொல்ல வேண்டாம். கூரியர் செலவு ரூ. 499 மட்டும் அனுப்பினால் இன்றே புறப்படும்.'

மூன்று ஆணிகள் இதில் இருக்கின்றன. 'நம் குழு' என்ற உரிமை முதலாவது. 'யாரிடமும் சொல்ல வேண்டாம்' என்பது இரண்டாவது. பக்கத்தில் இருக்கும் உண்மையான அட்மினிடம் கேட்டுவிடாமல் வாயைக் கட்டுவதற்கு அது. மூன்றாவது அந்தச் சின்னத் தொகை. 499 போனால் போகிறது என்று தோன்றும். அந்த 499 வந்துவிட்டால் இந்த ஆள் கொடுப்பார் என்று அவர்களுக்கு உறுதியாகிவிடும். அடுத்து பதிவுக் கட்டணம், பிறகு வரி, பிறகு 'கஸ்டம்ஸ் அதிகாரி' என்று ஒரு புதுக் குரல். எழுத்துப் பிழையை வைத்துப் பிடிக்கலாம் என்பது பழைய கதை. இப்போது இவர்கள் அனுப்பும் தமிழ் நம்மில் பலரின் தமிழைவிட ஒழுங்காக இருக்கிறது.

செய்ய வேண்டியவை:

டெலிகிராமில் 100 பேருக்கு மேல் உள்ள குழுவில் உறுப்பினர் பட்டியலை மறைக்கலாம். இன்றே மறைத்துவிடுங்கள். பேசுபவர்களின் பெயர் எப்படியும் தெரியும், ஆனால் வாய் திறக்காமல் பாட்டு மட்டும் கேட்கும் பெருங்கூட்டம் தப்பிக்கும். மூத்தவர்கள் பெரும்பாலும் அந்தக் கூட்டத்தில்தான்.

வாட்ஸ்அப் சாதாரணக் குழுவில் எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும், மறைக்க வழியில்லை. பெரிய குழு என்றால் அதை ஒரு கம்யூனிட்டியாக (பல குழுக்களை ஒரே குடைக்கீழ் வைக்கும் வசதி) மாற்றி, அறிவிப்புகளை அதன் அறிவிப்புக் குழுவுக்குக் கொண்டுபோங்கள். அங்கே உறுப்பினர்களின் எண் ஒருவருக்கொருவர் தெரியாது. கூடவே ஒவ்வொரு உறுப்பினரும் தன் தனியுரிமை அமைப்பில், தன்னைக் குழுவில் சேர்க்கும் உரிமையைத் தொடர்புப் பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும் என்று மாற்றிக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாததால்தான் ஒரே ராத்திரியில் நாற்பது பேர் 'அதிர்ஷ்டசாலிகள் 2' என்ற குழுவில் விழித்தெழுகிறார்கள்.

போலி அட்மினை இனங்காண உறுப்பினர்களுக்குச் சொல்லித் தர வேண்டியது இரண்டே விஷயம். டெலிகிராமில் 'அட்மின்' என்ற பட்டை குழுவுக்குள் மட்டுமே பெயருக்குப் பக்கத்தில் தெரியும். தனிச் செய்தியில் வராது. அங்கே பெயரிலேயே 'அட்மின்' என்று எழுதியிருந்தால் அவரே எழுதிக்கொண்டது. அடுத்து, முன்பின் தெரியாதவர் முதன்முதலாகச் செய்தி அனுப்பினால் அவர் எந்த நாட்டு எண், எந்த மாதம் டெலிகிராமில் சேர்ந்தார் என்று மேலே காட்டும். பத்து வருட அட்மின் போன மாதம் கணக்குத் தொடங்கியிருக்க மாட்டார்.

அட்மின்களுக்கு இன்னொன்று. பெயரையும் பயனர் பெயரையும் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், பயனர் அடையாள எண் மட்டும் மாறாது. தடைப் பட்டியலைப் பெயர் வைத்து எழுதாமல் அந்த எண்ணை வைத்து எழுதுங்கள். ஆள்மாறாட்டத்தை டெலிகிராமின் மோசடிப் புகார்க் கணக்கான 'நோட்டோஸ்காம்' (@notoscam) கணக்குக்கு அனுப்பலாம்.

குழுவின் மேலே நிலையாக நிற்கும்படி 'பின்' (pin) செய்யும் அறிவிப்பு நீளமாக இருந்தால் யாரும் படிப்பதில்லை. இவ்வளவு போதும்: 'இந்தக் குழு பரிசு தருவதில்லை. தந்தாலும் குழுவில்தான் சொல்வோம், தனியாகச் சொல்ல மாட்டோம். அட்மின் யாரும் உங்களிடம் காசோ ஓடிபியோ கேட்க மாட்டார். கேட்டால் படம் எடுத்து இங்கேயே போடுங்கள்.' கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். தனக்கு மட்டும் வந்ததாக நினைத்திருந்த முப்பது பேர் அதைப் பார்த்துத்தான் வெளியே சொல்வார்கள்.

அறிகுறி: சொல் வடிகட்டி போட்டாயிற்று, ஆனாலும் அதே சொல் நழுவி வருகிறது

தமிழுக்கே உரிய தலைவலி இது. 'பரிசு' என்று தடைப் பட்டியலில் போட்டிருப்பீர்கள். வந்த பதிவிலும் 'பரிசு' என்றே கண்ணுக்குத் தெரியும். வடிகட்டி மட்டும் கண்டுகொள்ளாது. வடிகட்டி உருவத்தைப் பார்ப்பதில்லை, அடியில் இருக்கும் யூனிகோடு குறிகளைப் பார்க்கிறது.

முதல் வகை: 'ரி' என்பதற்குப் பதில் துணைக்கால் போட்டு மேலே கொக்கி போடுவது. 'பரிசு', 'பாிசு' இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய உரைகளில் இது தானாகவே வரும், மோசடிக்காரனின் சாமர்த்தியம் என்று சொல்ல முடியாது. 'மாரி', 'வரி', 'லாட்டரி' எல்லாவற்றிலும் இந்தச் சிக்கல் உண்டு. இரண்டு வடிவத்தையும் பட்டியலில் சேருங்கள்.

இரண்டாவது: 'கோ' போன்ற எழுத்துகள். இதன் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், முன்னால் 'ே' பின்னால் 'ா' என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டுமே 'கோடி'தான். வடிகட்டி இரண்டையும் ஒன்றாகச் சமன்செய்யாவிட்டால் ஒன்றைப் பிடித்து இன்னொன்றை விடும். 'கொ', 'கௌ' வரிசைகளும் அப்படியே. உங்கள் வடிகட்டி எப்படி என்று அறிய, வந்த மோசடிச் செய்தியிலிருந்து சொல்லை நகலெடுத்தே பட்டியலில் ஒட்டுங்கள். நீங்களாகத் தட்டச்சு செய்யாதீர்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

மூன்றாவது வேண்டுமென்றே செய்வது. தமிழ் எண்கள் நினைவிருக்கிறதா? ௧ என்பது 'க' மாதிரி, ௨ 'உ' மாதிரி, ௭ 'எ' மாதிரி, ௮ 'அ' மாதிரி இருக்கும். '௧ோடி' என்று எழுதினால் மனிதன் கோடி என்றுதான் படிப்பான். அட்மின் பெயரைப் போலியாக எழுதவும் இதே தந்திரம் உதவும். தமிழ் எண்களைப் பட்டியலில் தனியாகச் சேர்த்துவிட்டால், தமிழ் எண்ணில் பாட்டு வரிசை போடும் ஒன்றிரண்டு ரசிகர்களைத் தவிர யாருக்கும் நஷ்டமில்லை.

நான்காவது, எழுத்துகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத அகலமற்ற குறியைச் செருகுவது. செய்தியை நகலெடுத்து ஒரு குறிப்புச் செயலியில் ஒட்டி, கர்சரை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்துங்கள். ஏதாவது ஓரிடத்தில் கர்சர் நகராமல் ஒரு தட்டு வீணானால் அங்கே ஒன்று ஒளிந்திருக்கிறது. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவது, ரஷ்ய எழுத்தை ஆங்கில எழுத்தாக வேஷம் போடுவது என்று இந்தப் பட்டியல் நீளும்.

இந்த ஓட்டப்பந்தயத்தில் சொல்லைத் துரத்தி ஜெயிக்க முடியாது. நடத்தையைப் பிடியுங்கள். 'சேர்ந்து 7 நாள் ஆகாதவர் லிங்க் போட்டால் நிறுத்திவை' என்ற ஒரே விதி, நூறு சொல் பட்டியலைவிட அதிகம் தடுக்கும். ஃபேஸ்புக்கில் பதிவுகளைத் தானாகச் சரிபார்க்கும் 'அட்மின் அசிஸ்ட்' வசதியில் இந்த மாதிரி நிபந்தனைகளை வைக்கலாம். டெலிகிராமில் காவல் பாட் செய்யும். பிறருடைய செய்தியை முன்னனுப்புதல், கோப்பு, தொடர்பு எண் ஆகியவற்றையும் புதியவருக்கு அதே 7 நாள் தடுங்கள். பாட்டுக் குழுவில் புதியவர் முதல் நாளே .ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பு) போட ஒரு காரணமும் கிடையாது. வாட்ஸ்அப்பில் சொல் வடிகட்டியே இல்லை. அங்கே ஒப்புதலும் பூட்டும்தான் ஆயுதம்.

அறிகுறி: வடிகட்டி நல்லவர்களையே அடிக்கிறது

பழைய படக் குழுவில் 'பணம்', 'பரிசு' என்ற சொற்களைத் தடுத்தால் என்ன ஆகும்? 'பணம்' (1952), 'பரிசு' (1963), 'பணம் படைத்தவன்' (1965), 'பணமா பாசமா' (1968) என்று யார் எழுதினாலும் வாய்ப்பூட்டு விழும். ஐம்பது வருட ரசிகரைப் பாட் வெளியேற்றிவிட்டது என்ற மனஸ்தாபம் மோசடியைவிட வேகமாகக் குழுவைக் காலி செய்யும்.

ஒற்றைச் சொல்லுக்கு நேரடித் தடை வேண்டாம். அட்மினுக்கு எச்சரிக்கை மட்டும் வரட்டும். தானாக அழிப்பதைச் சொற்றொடருக்கு வையுங்கள்: 'பரிசுத் தொகை பெற', 'குலுக்கலில் தேர்வு', 'கேரளா லாட்டரி ஆன்லைன்' என்கிற மாதிரி. கேரள அரசின் லாட்டரி காகிதச் சீட்டாக மட்டுமே விற்கப்படுகிறது, ஆன்லைன் விற்பனையே இல்லை. தமிழ்நாட்டிலோ 2003 முதல் லாட்டரிக்குத் தடை. ஆகவே அந்தச் சொற்றொடரை யோசிக்காமல் அழிக்கலாம். முதல் வாரம் எதையும் அழிக்க விடாமல் எச்சரிக்கையில் மட்டும் ஓட்டிப் பார்த்து, எத்தனை நல்ல பதிவு மாட்டுகிறது என்று எண்ணிவிட்டு இறுக்குவது நல்லது.

அறிகுறி: ஒப்புதல் கொடுத்த பதிவு மறுநாள் பரிசு விளம்பரமாக மாறிவிட்டது (ஃபேஸ்புக்)

காணாமல் போன குழந்தை, தொலைந்த நாய், 'ரத்தம் தேவை' என்று வரும். இரக்கப்பட்டு நூறு பேர் பகிர்வார்கள். பிறகு பதிவைத் திருத்திப் பரிசு லிங்கோ வாடகை வீடோ ஆக்கிவிடுவான். லைக்கும் பகிர்வும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த வகைப் பதிவில் கமெண்ட் அணைத்து வைத்திருந்தால் உடனே சந்தேகப்படுங்கள், 'இது பொய்' என்று யாரும் எழுதிவிடக் கூடாதென்றே அணைப்பார்கள். பதிவின் திருத்த வரலாற்றைத் திறந்து பார்த்தால் பழைய உருவம் தெரியும். குழுவோடு சம்பந்தமில்லாத வேண்டுகோளுக்கு ஒப்புதல் தராமல் இருப்பதே எளிய வழி. கல் மனசு என்று திட்டுவார்கள், திட்டிவிட்டுப் போகட்டும்.

அறிகுறி: நன்கு தெரிந்த பழைய உறுப்பினரே பரிசு லிங்க் போடுகிறார்

கணக்கு பறிபோயிருக்கிறது. உடனே தடை செய்யாதீர்கள், பேச்சுரிமையை மட்டும் நிறுத்துங்கள். அவருக்கு அதே செயலியில் செய்தி அனுப்பிக் கேட்காதீர்கள், பதில் சொல்லப் போவது திருடன். சாதாரணத் தொலைபேசி அழைப்பில் கூப்பிடுங்கள்.

எப்படிப் பறிபோயிருக்கும்? ரசிகர் வட்டத்தில் அதிகம் வேலை செய்யும் தூண்டில் 'பாட்டுப் போட்டியில் என் பேத்திக்கு ஓட்டுப் போடுங்கள்'. லிங்கில் எண்ணைக் கேட்கும், பிறகு எட்டு எழுத்துக் குறியீடு ஒன்றைக் காட்டி அதை வாட்ஸ்அப்பில் இடச் சொல்லும். இட்டதும் திருடனின் கணினி 'இணைந்த சாதனம்' ஆகிவிடும். பாதிக்கப்பட்டவரின் போன் வழக்கம்போல வேலை செய்யும் என்பதால் அவருக்கே தெரியாது. டெலிகிராமில் அதன் மறுவடிவம் 'உங்களுக்கு பிரீமியம் பரிசாக வந்துள்ளது', கேட்பது உள்நுழைவுக் குறியீடு.

மீட்பு: வாட்ஸ்அப்பில் இணைந்த சாதனங்கள் பக்கத்தைத் திறந்து தெரியாததை எல்லாம் வெளியேற்றி, இரண்டு படிச் சரிபார்ப்புக்கு ஆறு இலக்கப் பின் வையுங்கள். கணக்கே வெளியேறிவிட்டிருந்தால் அதே எண்ணில் மறுபடி பதிவு செய்ய வேண்டும், திருடன் வெளியேறுவான். அவன் பின் எண் வைத்துவிட்டிருந்தால் உள்ளே நுழைய 7 நாள் காத்திருக்க நேரும். அந்த 7 நாளும் குழுவில் அவர் பெயரில் எச்சரிக்கை நிற்கட்டும். டெலிகிராமில் சாதனங்கள் பக்கத்தில் மற்ற எல்லா அமர்வையும் முடித்துவிடுங்கள். புதிதாக நுழைந்த அமர்வு முதல் 24 மணி நேரம் பழைய அமர்வுகளை வெளியேற்ற முடியாது. அந்த ஒரு நாள்தான் உங்கள் அவகாசம்.

இன்னொரு வகை சங்கடமானது. காலமாகிவிட்ட உறுப்பினர் பெயரில் செய்தி வரும். கவனிக்கப்படாத சிம் எண் முடக்கப்பட்டு, குறைந்தது 90 நாள் கழிந்தபின் வேறொருவருக்குப் போகலாம். டெலிகிராமில் இரண்டாம் கடவுச்சொல் வைக்காத கணக்கு என்றால், அந்த எண்ணை வாங்கியவர் குறுஞ்செய்திக் குறியீட்டை வைத்தே உள்ளே போய்விடலாம். அஞ்சலிப் பதிவு போட்ட கையோடு அந்த எண்ணைக் குழுவிலிருந்து எடுத்துவிடுவதுதான் முறை. அட்மினாக இருந்தவர் என்றால் அன்றைக்கே.

அறிகுறி: குழுவின் பெயரும் படமும் மாறிவிட்டன, அட்மின்களே வெளியே

ஏதோ ஓர் அட்மினின் கணக்கு போயிருக்கிறது, பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருந்த ஒருவருடையது. ஃபேஸ்புக்கில் 'விதிமீறல், 24 மணி நேரத்தில் குழு நீக்கப்படும், முறையிட இங்கே தொடவும்' என்று வரும் போலிச் செய்தி இதற்கான வழக்கமான சாவி. அல்லது யாராவது குழுவை விற்றிருக்கலாம், அதற்கும் சந்தை இருக்கிறது.

பறிபோன அட்மின் ஃபேஸ்புக்கின் கணக்கு மீட்புப் பக்கம் வழியாகத் தன் கணக்கை முதலில் மீட்க வேண்டும். குழுவை மீட்பது அதற்குப் பிறகுதான். மற்ற உறுப்பினர்கள் குழுவைப் புகாரளித்துவிட்டு, வேறு வழியில் தொடர்பில் இருப்பவர்களுக்குத் தகவல் சொல்லலாம். ஃபேஸ்புக் குழுவின் பெயரை ஒருமுறை மாற்றினால் 28 நாளுக்கு மறுபடி மாற்ற முடியாது. மீட்டாலும் சில நாள் அந்த லாட்டரிப் பெயரோடுதான் குடித்தனம்.

டெலிகிராமில் உரிமையை மாற்ற, இரண்டு படிச் சரிபார்ப்பு வைத்து 7 நாளும் அந்தச் சாதனத்தில் நுழைந்து 24 மணி நேரமும் ஆகியிருக்க வேண்டும். ஆகவே உரிமையாளரின் கணக்கு போனாலும் கொஞ்சம் நேரம் இருக்கிறது. தடுக்கும் வழி: மூன்று மாதம் எட்டிப் பார்க்காத அட்மினுக்கு மரியாதையாகச் சொல்லிவிட்டு அட்மின் பதவியை எடுத்துவிடுங்கள், புது அட்மின் சேர்க்கும் உரிமையை இருவரோடு நிறுத்துங்கள்.

அறிகுறி: ஒருவர் பணம் அனுப்பிவிட்டார், அல்லது கோப்பைத் திறந்துவிட்டார்

குழுவில் வைத்து விசாரிக்காதீர்கள், 'இவ்வளவு படித்தவர் எப்படி' என்று ஒருவர் எழுதினால் போதும், அடுத்து ஏமாறுகிறவர் வாயே திறக்க மாட்டார்.

பணம் போயிருந்தால் முதல் அழைப்பு சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண் 1930. வங்கி, தேதி, நேரம், தொகை, 12 இலக்க யுபிஐ பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்கத்தான் இந்த எண், அதனால் மணிக்கணக்கு முக்கியம். அதே நாளில் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும் எழுத்தில் பதிந்து, வங்கிக்கும் சொல்லுங்கள். காசு போகவில்லை, செய்தி மட்டும் வந்தது என்றால் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாதி' தளத்தில் உள்ள 'சக்ஷு' பகுதியில் அந்த எண்ணைப் புகாரளிக்கலாம்.

'இன்னும் வரி மட்டும் கட்டினால் முழுத் தொகையும் வரும்' என்று அவரை இழுத்துக்கொண்டிருப்பார்கள். இதை உடைக்க ஒரு விவரம் உதவும். பரிசுத் தொகை 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 சதவீத வரியைக் கொடுப்பவரே பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார். கார் மாதிரிப் பொருளாக வரும் பரிசுக்கு முன்கூட்டியே வரி கட்ட வேண்டி வரலாம், ஆனால் அது அரசுக்குப் போகும் வரி, தனி ஆளின் யுபிஐ முகவரிக்கு அல்ல. பணம் வாங்க பின் எண்ணும் தேவையில்லை, கியூஆர் ஸ்கேனும் தேவையில்லை. தனிநபர்களுக்கிடையே யுபிஐயில் 'பணம் கேட்கும்' வசதியே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது.

.ஏபிகே கோப்பை நிறுவிவிட்டவர் முதலில் விமானப் பயன்முறைக்குப் போய், வைஃபையும் அணைந்ததா என்று பார்க்கட்டும். வங்கிக்கு வேறு போனிலிருந்து பேசுங்கள். பிறகு போனைப் பாதுகாப்புப் பயன்முறையில் தொடங்கி, அணுகல்தன்மை அமைப்பிலும் சாதன நிர்வாகச் செயலிகள் பட்டியலிலும் அந்தச் செயலியின் அனுமதியை எடுத்துவிட்டு நீக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் நீக்கும் பொத்தான் மங்கலாகவே கிடக்கும். பின்னும் பிடிவாதம் பிடித்தால் படங்களை மட்டும் காப்பாற்றிக்கொண்டு ஃபேக்டரி ரீசெட். சிக்னல் திரும்பியதும் ##002# அழைத்து, யாராவது அழைப்பைத் திருப்பிவிட்டிருந்தால் ரத்து செய்யுங்கள். கடவுச்சொற்களை வேறு சாதனத்திலிருந்துதான் மாற்ற வேண்டும்.

இரண்டொரு நாளில் அவருக்கு இன்னொரு செய்தி வரும். 'இழந்த பணத்தை மீட்டுத் தருகிறேன், என் நண்பர் ஹேக்கர்', அல்லது 'சைபர் பிரிவிலிருந்து பேசுகிறோம், கோப்புக் கட்டணம் மட்டும்' என்று. ஏமாந்தவர்களின் எண் கைமாறிப் போகும். யார் ஏமாந்தார் என்று குழுவில் பொதுவில் எழுதியிருந்தால் நாமே எடுத்துக் கொடுத்த மாதிரி. அவரிடம் இதை முன்கூட்டியே போனில் சொல்லிவையுங்கள். குழுவில் 'எனக்கு இவர் மீட்டுத் தந்தார்' என்று வரும் கமெண்டுகளை, எழுதியவர் எவ்வளவு பழைய உறுப்பினராக இருந்தாலும், அன்றைக்கே நிறுத்திவைத்து அவர் கணக்கு அவரிடம்தான் இருக்கிறதா என்று கூப்பிட்டுக் கேளுங்கள்.